மடித்த தாளின் வலப் பக்கம்

என் தம்பிக்கு முப்பது வயது கடந்த பிறகுதான் முதன்முதலாக ஒருவர் அவனைக் 'கலைஞர்' என்று குறிப்பிட்டார். அதுவும் கடல் கடந்து வந்த ஒரு மின்னஞ்சலில். அதுவரை குருநகரில் எங்கள் ஒழுங்கைத் தெருச் சனங்கள் அவனுக்குச் சூட்டியிருந்த பட்டங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. "பாவம், மூளை வளர்ச்சி காணாது" என்று சொந்தக்காரர்கள் அவன் முன்னாலேயே சொல்வார்கள், அவனுக்குக் காதும் கேட்காது என்பதுபோல.

குருநகருக்குப் பக்கத்தில் உள்ள திருநெல்வேலியில் அவனைப் போன்றவர்கள் கூடும் நிலையம் ஒன்று இருக்கிறது. அவர்களையும் பனி கொட்டும் ஒரு நாட்டின் அதேபோன்ற ஓவியர்களையும் சேர்ந்து வரைய வைக்கும் திட்டம் அங்கே வந்தது. ஆளுக்கொரு கூட்டாளி. தம்பிக்குக் கிடைத்தவர் நரைத்த தலையும் பெரிய சிரிப்பும் உள்ள ஒரு பெண். புதன்கிழமைப் பின்னேரங்களில் கணினித் திரையில் சந்தித்துக்கொள்வார்கள்.

இருவரும் ஆளுக்கொரு தாளை நடுவில் மடித்து விரிப்பார்கள். தம்பி இடப் பக்கத்தில் வரைந்து திரைக்குக் காட்டுவான்; அவர் அதைப் பார்த்துத் தன் தாளிலும் வரைவார். பிறகு அவர் வலப் பக்கத்தில் வரைந்து காட்ட, இவன் பார்த்து வரைவான். முடிவில் இரண்டு நாட்டிலும் ஒரே படம் இருக்கும். தம்பி எப்போதும் நண்டுதான் வரைவான். அப்பாவின் வள்ளத்தில் பார்த்துப் பழகியது. ஒருநாள் அவர் வலப் பக்கத்தில் இன்னொரு நண்டு வரைந்து, அதன் கால்கள் அத்தனைக்கும் கம்பளிக் காலுறை, எங்கள் பேச்சில் மேஸ், போட்டுவிட்டார். தம்பி மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான். அங்கே அவரும் மேசையில் அடித்தார். மொழிபெயர்ப்பெல்லாம் எங்களுக்குத்தான் தேவைப்பட்டது. "நண்டுக்கு மேஸ் போட்ட மனுசி எப்பிடி இருக்கிறா?" என்று அம்மா வாராவாரம் விசாரிப்பார்.

ஒரு புதன்கிழமை தம்பி தன் நண்டைக் காட்டி முடித்தான். அவர் பென்சிலை எடுக்கும்போது இணைப்பு அறுந்துவிட்டது. அடுத்த வாரம் தொடரலாம் என்றார்கள். அடுத்த வாரத்துக்குள் திட்டமே முடிந்துபோனது. நிதி அவ்வளவுதானாம். சான்றிதழ் கொடுத்துக் கைதட்டி அனுப்பினார்கள்.

அதன் பிறகும் புதன்கிழமைகளில் தம்பி குளித்து, பவுடர் பூசி, அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு வாசல் படலையில் நிற்பான்.

"இண்டைக்கு இல்லையடா."

"ஓம்," என்பான். ஆனால் நகரமாட்டான்.

என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைக் கேட்டு நிலையத்தின் மூலம் திட்டக்காரர்களுக்கு எழுதினேன். பங்கேற்றவர்களின் விவரங்களைத் தர முடியாது, அவர்களுடைய பாதுகாப்புக்காக என்று பதில் வந்தது. பாதுகாப்பாம்! ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். இல்லை, அவர்கள் ஓநாய்கள் அல்ல, நல்லவர்கள். அது எனக்குத் தெரியும். நல்லவர்களோடு சண்டை பிடிக்கவும் வழியில்லாமல் அறைக்குள் இருந்து அழுதேன். அந்த மனுசியும் எங்கோ ஒரு தாளோடு காத்திருக்கக்கூடும். திட்டம் முடிந்துவிட்டது என்று அவருக்கு யார், எப்படிச் சொல்லியிருப்பார்கள்?

"கொஞ்ச நாளிலை மறந்துபோவான்," என்றார் அம்மா. அவன் மறக்கிற ஆள் இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும்.

மாரி முடிந்தபோது வேறொரு நாட்டிலிருந்து வேறொரு திட்டம் வந்தது. நானும் அவனோடு போயிருந்தேன். "அண்ணை, உங்களுக்குப் புதுக் கூட்டாளி!" என்றாள் நிலையத்தில் ஆங்கிலம் பேசும் பிள்ளை. திரையில் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் கையசைத்தார். பாவம், அவரும் எவ்வளவு ஆசையோடு வந்திருப்பார். தம்பியும் மரியாதையாகக் கையசைத்தான். ஆனால் கொடுத்த புதுத் தாளை வாங்கவில்லை. தன் சுருளை விரித்தான். இடப் பக்கத்தில் பழைய நண்டு இருந்தது, வலப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

இளைஞர் ஏதோ வரைந்து திரைக்குக் காட்டினார்.

"சரி அண்ணை, அதைப் பாத்து உந்தப் பக்கத்திலை கீறுங்கோ," என்றாள் பிள்ளை.

தம்பி அந்த வெற்றுப் பாதியில் உள்ளங்கையை விரித்து வைத்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்வோமே, அதே குரலில் சொன்னான்.

"இதிலை ஆள் இருக்கு."

பிள்ளை அதை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தாள். திரையில் அந்த இளைஞர் தன் படத்தை இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.