தெருவிளக்கடியில் ஒரு சாமந்தி

என் மனைவி போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளுக்கு, நானே வளர்த்த பூவைத்தான் அவளுக்கு வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கியது மற்றவர்கள், குழியை மூடியதும் மற்றவர்கள். மாலைகூட யாரோ வாங்கி வந்து என் கையில் கொடுத்ததுதான். ஒரு காரியமாவது என் கையால் நடக்கட்டும் என்று தோன்றியது.

தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்பேனர் பிடித்த கைக்குச் செடி கொடி பற்றி என்ன தெரியும்? மழை தொடங்கியதும் நர்சரிக்குப் போய் ஒரு மஞ்சள் சாமந்திக் கன்று வாங்கினேன். "சென்னாகி பிசிலு பேகு" என்றார் கடைக்காரர் கன்னடத்தில். நல்ல வெயில் வேண்டுமாம். மர்பி டவுனில் எங்கள் வீடு சந்துக்குள் இருக்கிறது; வெயில் விழுவது வாசல்படி ஓரத்தில் மட்டும்தான். தொட்டியை அங்கே வைத்தேன். நேர் மேலே தெருவிளக்கு. இரவிலும் வெளிச்சம் கிடைக்கிறது, செடிக்குக் கொண்டாட்டம்தான் என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

முதல் மாதங்களில் அதைச் சாகடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். மழை நாளிலும் தண்ணீர் ஊற்றினேன், இலை பழுத்தது. பயந்து நிறுத்தினேன், வாடியது. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து ஊற்றப் பழகிய பிறகுதான் எங்களுக்குள் ஒத்துப்போனது. செடி புதராக அடர்ந்தது. ஆனால் திருநாள் நவம்பர் இரண்டில்; அக்டோபர் வந்தும் ஒரு மொட்டு இல்லை. எனக்கோ எரிச்சல். ஒருநாள் காலையில் அதைத் திட்டியும் விட்டேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு ஞாயிறு மாலை வந்தாள். தெருவிளக்கு எரிந்ததும் அதையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனில் எதையோ தேடிப் படித்தாள்.

"டாடி, ராத்திரி நல்லா இருட்டா இருந்தாதான் சாமந்தி மொட்டு வைக்குமாம். தேவனஹள்ளி பக்கம் பூத்தோட்டத்துல பல்பு எரியுதே, அது பூ சீக்கிரம் வந்துடக் கூடாதுன்னு போடுறதாம்."

அந்த பல்புகளை பஸ்ஸிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். திருடனுக்குப் பயந்து போட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் செடிக்கு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினேன். "என்ன அங்கிள், செடிக்கும் குளிருதா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். நான் துணியின் ஓரத்தைத் தொட்டிக்கு அடியில் செருகினேன்.

திருநாளும் வந்துவிட்டது. செடியில் கடுகளவு மொட்டுகள்தான். மகளோடு ஆட்டோவில் ஏறி, தொட்டியை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் பூக்காரிகள் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் வாங்கிக்கலாமா டாடி?"

"வேணாம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சுற்றிலும் எல்லாக் கல்லறைகளும் பூவால் மூடிக் கிடந்தன. அவளுக்கு மட்டும் வெறும் பச்சை. வெட்கமாக இருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, தொட்டியைத் தலைமாட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தப் பக்கம் விளக்குக் கம்பம் எதுவும் கிடையாது.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து போய்த் தண்ணீர் ஊற்றினேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு ஞாயிறு மகளும் கூட வந்தாள். மற்றவர்கள் வைத்த பூவெல்லாம் எப்போதோ காய்ந்து, கூட்டி அள்ளப்பட்டிருந்தது. எங்கள் தொட்டியில் இலை தெரியாத அளவுக்கு மஞ்சள்.

"திருநாளுக்கு வராம இப்ப வந்திருக்கு பாரு" என்றேன்.

"மம்மி என்னைக்கு டாடி பூசைக்கு நேரத்துக்கு வந்திருக்காங்க?"

உண்மைதான். முதல் பைபிள் வாசகம் முடியும்போதுதான் அவள் உள்ளே நுழைவாள். அதுவரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பேன். மகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இப்போதும் கோவிலில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன் என்பதை மகளிடம் சொல்லவில்லை.