மணையில் வைத்த குரல்

"பெத்தவ செத்தது தெரியாம ஒரு பய இருப்பானா? கதைன்னாலும் ஒரு நியாயம் வேணாமா?" என்று என் மாமா கேட்டார்.

நான் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து விஞ்ஞானக் கதை ஒன்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதுவும் வராது. அதனால் உறையூரில் எங்கள் வீட்டுக்குள் எந்த எழுத்து நுழைந்தாலும் என் வாய் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகும். அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

அந்தக் கதை ஒரு வருங்கால நகரத்தில் நடந்தது. அங்கே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு கண்ணாடி இருக்கும். உறவுக்காரர்கள் அதில் தோன்றிப் பேசுவார்கள். யாரும் யார் வீட்டு வாசற்படியையும் மிதிப்பதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் காலையில் கண்ணாடியைப் பார்த்து, "அம்மா, சௌக்கியமா?" என்று கேட்பார்கள். "சௌக்கியம்தான், நீ எப்படி இருக்கே?" என்று அவள் சொல்வாள். வெகுநாள் பழக்கத்தில் அவள் என்ன பதில் சொல்வாள் என்பதைக் கண்ணாடி கற்றுக்கொண்டுவிட்டது. அவள் செத்துப்போன பிறகும் கண்ணாடி சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சாலை போடுவதற்காக அந்த வீட்டை இடிக்க வந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

"கண்ணாடி சோறு போடுமாடி?" என்று கேட்டாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா. அக்கா சிரித்தாள்.

எனக்கு ரோஷம் வந்தது. "இது எச்சரிக்கை மாமா. மிஷினு பெருகப் பெருக மனுஷங்க எப்படி விலகிப் போவாங்கன்னு முன்னாடியே சொல்றாங்க. வரப்போறது இதுதான்."

"வரட்டும் டீச்சரம்மா. உறையூருக்குப் பஸ்ல வருமா, ட்ரெயின்ல வருமா?"

நான் அப்போது ஆசிரியப் பயிற்சியில்தான் இருந்தேன். 'டீச்சரம்மா' என்பது அவருடைய கேலி.

ரயிலில்தான் வந்தது.

அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு ரேடியோக் கடையில் வேலை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். லீவு கிடைக்கிறபோது போட் மெயில் ரயிலில் வந்து இறங்குவார். தேங்காய் எண்ணெயும் சோப்பும் கலந்த ஒரு வாசனையோடு சில வாரங்கள் வீட்டில் இருப்பார். மறுபடி ஜங்ஷனுக்குப் போய் ரயில் ஏற்றிவிட்டு வருவோம். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்து முகூர்த்தம் குறித்தபோது, கட்டாயம் வருவதாக எழுதியிருந்தார். எழுதுவது என்றால், கடையில் யாரையாவது பிடித்து எழுதச் சொல்வது. கல்யாணம் நெருங்கும்போது அவர் வரவில்லை. கொழும்பிலிருந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் ஒரு கனத்த பெட்டியோடு வந்தார். கூடவே ஒரு கடிதம். முதலாளியால் இப்போது லீவு தர முடியவில்லை. ஆனாலும் கவலைப்பட வேண்டாம். முதலாளியே ஒரு டேப் ரிக்கார்டரைக் கொடுத்திருக்கிறார். சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் பேசியிருக்கிறேன். நேரில் கேட்பது போலவே இருக்கும்.

மாமா வயரைச் சொருகினார். இரண்டு சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. கொஞ்சம் இரைச்சல். பிறகு எங்கள் அப்பா தொண்டையைச் செருமினார்.

அம்மா சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்பா வாசலுக்கு வந்துவிட்டால் எப்படி எழுவாளோ அப்படி.

எனக்கும் கண் கலங்கியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதுவரை அப்பாவின் வார்த்தைகள் யாரோ ஒருவர் கையெழுத்தில் வந்து என் குரலில் வெளியே போகும். இப்போது அவரே பேசினார். இழுத்து இழுத்து, நடுவில் ஒரு இருமலோடு. நான் படித்துச் சொன்ன எந்தக் கடிதத்திலும் அந்த இருமல் இருந்ததில்லை.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு சத்திரத்தில். எங்கள் வழக்கப்படி பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். அப்பா மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைப்பார். அம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பாள். அப்பா இல்லாவிட்டால் பங்காளி முறையில் ஒரு தம்பதி உட்காருவார்கள். அப்படி ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் குளித்துத் தயாராகவே இருந்தார்கள்.

நான் அக்காவுக்குத் தலை வாரி முடித்து அழைத்துக்கொண்டு வந்தேன். மணையைப் பார்த்ததும் என் கால்கள் நின்றுவிட்டன.

அம்மா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பலகையில், அப்பா உட்கார வேண்டிய இடத்தில், அந்தப் பெட்டி இருந்தது. ஆயுத பூஜைக்கு வைப்பது போல அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மேலே ஒரு பூமாலை. மைக் செட்காரர் தெருவிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு, மைக்கைப் பெட்டியின் முகத்துக்கு நேரே நிறுத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, இது என்ன?"

"மச்சான் இல்லாத குறையே தெரியக்கூடாது பாப்பா. அவரு குரல்லயே தாரை வார்ப்போம். எவனுக்குக் கிடைக்கும் இது?" மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கண்ணாடிக் கதையில் நியாயம் கேட்டவர் இவர்தான் என்று நினைக்க முடியவில்லை.

பெட்டி பேசியது. சத்திரத்துக்கு வெளியே கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாய் வழியாக அப்பாவின் குரல் ரோடு முழுக்கக் கேட்டது. காவிரியில் குளித்துவிட்டுப் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். "என் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கிறேன். அவளைக் கண் கலங்காம வச்சுக்குங்க மாப்பிள்ளை..." அப்பா எந்த வேகத்தில் சடங்கு நடக்கும் என்று கொழும்பில் நினைத்தாரோ அந்த வேகத்தில் பேசிக்கொண்டே போனார். ஐயர் மந்திரத்தில் பாதிதான் வந்திருந்தார். அவர் பதறிப்போய், "அவரைச் சித்த நிறுத்தச் சொல்லுங்கோ!" என்றார்.

அவரை! எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டிக்குக் கை இல்லை என்பது அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. அவர் பின்னால் வந்து குனிந்து, பெட்டியின் மேலாகக் கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். அம்மா தண்ணீர் வார்த்தாள். தாலி கட்டியானதும் மாப்பிள்ளையும் அக்காவும் பெட்டியின் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். மாமா நிறுத்தியிருந்த பெட்டியை ஓடவிட, அப்பா "நூறு வருஷம் நல்லா இருங்க" என்று சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பங்காளிப் பெரியவர் தன் சம்சாரத்திடம் "வா, நமக்கு வேலையில்ல" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

அத்தனை பேரில் ஒருவருக்காவது இது வினோதமாகப் படவில்லையே! அந்த விஞ்ஞானக் கதையை எழுதியவர் ஒரு விஷயத்தில் தவறிவிட்டார் என்று அங்கே நின்றபோதே தோன்றியது. அவர் கதையில் கண்ணாடியை வாங்கி மாட்டியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள். அம்மாவைப் பார்க்கப் போக அலுத்துப்போனவர்கள். இங்கே யாருக்கும் யார் மேலும் அலுப்பில்லை. ஆசையோடு, சந்தனம் பூசி, மாலை போட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

அக்காவைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப வண்டி வந்தது. ஏறுவதற்கு முன் என் காதருகே வந்து, "அப்பா என் பேரைச் சொல்லவே இல்லடி" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மகள், மகள் என்றுதான் சொல்லியிருந்தார்.

இதை மாமாவின் மனைவியும் கேட்டுவிட்டாள். "அதுவும் நல்லதுக்குத்தான்" என்றாள் அத்தை, மாலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே. "டேப்பப் பத்திரமா வைங்க அண்ணி. சின்னவளுக்கும் ஆகும்."

அவள் கேலி செய்யவில்லை. மிஞ்சிய இலைக்கட்டையும் விறகையும் எடுத்து வைக்கும் அதே கரிசனத்தோடுதான் சொன்னாள்.

சில நாள் கழித்து மாமா, புது டேப் ஒன்றில் கொழும்புக்குப் பதில் பேசி அனுப்ப வேண்டும் என்றார். அவர் பேசினார், அத்தை பேசினாள், அக்காவும் மாப்பிள்ளையும் வந்து பேசினார்கள். நான் மறுத்தேன். "எனக்கு எழுதத் தெரியும்" என்றேன். கடைசியில் அம்மாவை உட்கார வைத்தார்கள். சக்கரம் சுற்றியது. அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசுக்கா, ஓடுது, ஓடுது" என்று மாமா அவசரப்படுத்தினார்.

"சாப்டீங்களா?" என்றாள் அம்மா.

பிறகு நிறுத்திக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். தலையைச் சற்றுச் சாய்த்து, காதைக் கொடுத்துக்கொண்டு. மாமா வாயைப் பொத்திச் சிரித்தார். அவள் அசையவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த மௌனமும் சேர்ந்துதான் கொழும்புக்குப் போனது.

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. எல்லார் குரலையும் கேட்டாராம். எதிரே உட்கார்ந்து பேசியது போல இருந்ததாம். மனக்குறை தீர்ந்துவிட்டதாம். ஆகவே வரும் வருஷத்து லீவைத் தன்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டாராம். அவருக்குப் பாவம், இப்படிப் பேச வசதி இல்லையாம். தனக்கென்ன, இனி அடிக்கடி டேப் அனுப்புகிறாராம்.

இந்தக் கடிதத்தை நான்தான் படித்தேன். 'லீவை விட்டுக்கொடுத்துவிட்டேன்' என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். விளக்கேற்றியதும் அம்மா பெட்டியைத் தட்டிவிட்டுப் பழைய டேப்பைக் கேட்டாள். அன்றாடம் கேட்க ஆரம்பித்தாள். இருமல் எங்கே வரும் என்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. தெருவில் யாராவது "ஊட்டுக்காரரு வரலியா?" என்று கேட்டால், "அவரு வந்துட்டுதானே இருக்காரு" என்று சிரித்தாள். முன்பெல்லாம் தை பிறந்தால் அப்பா வரும் தேதியைக் கேட்டுக் கடிதம் எழுது என்று என்னைப் பிடுங்கி எடுப்பாள். இப்போது கேட்பதே இல்லை.

அப்பா இனி வரவே மாட்டாரோ என்ற பயம் எனக்கு அப்போதுதான் பிடித்தது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்கூட இந்தப் பெட்டி நூறு வருஷம் நல்லா இருங்க என்றுதானே சொல்லும்?

நான் பயிற்சி முடித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். உடனே வரன் வந்தது, லால்குடிப் பக்கத்திலிருந்து. பையன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"மச்சானுக்கு எழுதிப் போட்டுட்டு ஆவணியில முடிச்சிரலாம்" என்றார் மாமா. "டேப்பு இருக்கு. மைக் செட்டும் அதே ஆளையே சொல்லிரலாம்."

"அப்பா வராம நான் மணையில உட்கார மாட்டேன்."

"வந்த மாதிரிதானே பாப்பா?"

"மாப்பிள்ளையும் ஒரு பெட்டியில பேசி அனுப்பட்டும் மாமா. நானும் பேசி அனுப்பறேன். நீங்க ரெண்டு பெட்டியையும் சேத்து வச்சு அட்சதை போடுங்க."

மாமா முகம் சிவந்துவிட்டது. "படிக்க வச்சது தப்பாப் போச்சுக்கா. பாரு பேச்ச!" என்று அம்மாவிடம் திரும்பினார். அம்மா எனக்காகவும் பேசவில்லை, அவருக்காகவும் பேசவில்லை. அவர் எழுந்து போன பிறகு அடுப்பங்கரையில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஒங்கப்பாவுக்குக் கன்னத்துல ஒரு மச்சம் இருக்குமே, அது எந்தப் பக்கம்டி?"

நான் யோசித்தேன். "இடது பக்கம்... இல்ல. தெரியலம்மா. ஏன்?"

"எனக்கும் தெரியல. நேத்துலேருந்து நெனச்சுப் பாக்கறேன். அந்தப் பெட்டி வந்ததிலேருந்து கண்ண மூடுனா குரல்தான் வருது. மொகம் வர மாட்டேங்குது." கரண்டியைக் கீழே வைத்தாள். "புருஷன் மொகம் மறக்குமாடி ஒருத்திக்கு?"

நான் படித்த எந்தக் கதையிலும் இப்படி ஒரு வரி இல்லை. கண்ணாடி, பேசும் சுவர், இரும்பு மனிதன் எல்லாவற்றையும் எழுதியவர்கள் இதை மட்டும் எழுதவில்லை.

"நாம போலாம்மா" என்றேன்.

"எங்க?"

"கொழும்புக்கு. அவரு வரலன்னா நாம போவோம்."

"எனக்கு ஊருக்குள்ள டவுன் பஸ்ஸே ஏறத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

கொழும்பு முதலாளிக்கு நானே இங்கிலீஷில் எழுதினேன். விசாவுக்கு அவருடைய கடிதம் வேண்டியிருந்தது. நாலு வரிப் பதிலோடு அதை அனுப்பிவிட்டார். உங்கள் தகப்பனாரிடம் சொன்னேன், ஒன்றும் பேசாமல் கடைக்குள்ளே போய்விட்டார் என்று எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டுக்கு அம்மாவைப் போட்டோ எடுக்க அழைத்துப் போனேன். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். லால்குடிக்காரர்களிடம், அப்பாவோடு திரும்பி வந்து பேசுகிறோம், பொறுக்க முடிந்தால் பொறுங்கள் என்று நானே சொல்லி அனுப்பினேன். மாமா பதினைந்து நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் ஜங்ஷனுக்கு வந்து மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

மண்டபம் ஸ்டேஷனில் பாஸ்போர்ட், விசா எல்லாம் சரிபார்த்துவிட்டார்கள். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இப்போது தனுஷ்கோடியில் கப்பல் ஏறிவிட்டோம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கரை பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.