மேலதிகாரி வீட்டில் மாற்றாத ஈரத்துணி

சென்ற மாதம் என் கணவரின் மேலதிகாரி எங்களைக் காப்பிக்கு அழைத்திருந்தார். கரமனையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, "அவா சோபா நனைஞ்சா என் மானம் போயிடும்" என்று இவர் ஐந்து மாதக் குழந்தையின் இடுப்புத்துணிக்கு மேல் ரப்பர் ஜட்டியை மாட்டினார்.

அங்கே குழந்தை வீறிட்டது. துணி மாற்ற எழுந்தேன். "சும்மா இருடி!" என்று பல்லைக் கடித்தவர், மறுகணமே அதிகாரியைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். வெட்கங்கெட்டு நானும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பி அவிழ்த்தால் தொடை முழுவதும் தோலுரிந்து ரத்தம் கசிந்தது.

"இன்னும் விட்டிருந்தா சீழ் வெச்சிருக்கும், கேட்டோ!" என்றார் மலையாளி லேடி டாக்டர். புண் ஆறப் பத்து நாளாயிற்று.

இப்போது எந்தப் பெரிய மனிதர் வீடானாலும், நனைந்த துணியை அவர்கள் கண்முன்னாலேயே மாற்றுகிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்; இவர் உள்பட.