தாளம் தப்பிய நெஞ்சோடு தேயிலை காட்டிய கதை

தேயிலை ஃபேக்டரியில் வழிகாட்டி வேலை என்பது, ஒரே கதையை ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஆறு தடவையும் முதல் தடவை சொல்வதுபோலச் சொல்வது. பதினேழு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். மலேசியாவில் எங்கள் கேமரன் மலைக்குப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி, இலை எப்படி வாடுகிறது, எப்படி உருள்கிறது, எப்படிக் கறுக்கிறது என்று மூன்று பாஷைகளில் சொல்லிவிட்டு மறுபடி கீழே இறக்கிவிட வேண்டும். இதற்குக் குரலும் காலும் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். நெஞ்சும் வேண்டும் என்பது ஐம்பத்தொரு வயதில்தான் தெரிந்தது.

நெஞ்சுக்குள் யாரோ ஒரு கோழியைப் பிடித்துப் போட்டு, அது வெளியே வர வழி தெரியாமல் சிறகடிப்பதுபோல உங்களுக்கு இருந்ததுண்டா? இருந்திருந்தால் நீங்கள் நம்ம ஆள். மாத்திரை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இல்லாதவர்களும் படிக்கலாம். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

முப்பது வினாடி மௌனம்

அன்றைக்கு வந்தது பதினான்கு பேர். இலையை வாடப்போடும் மேல்மாடிக்கு ஏறி, "இங்கேதான் இலை ராத்திரி முழுக்க..." என்று ஆரம்பித்தேன். மூச்சு அதற்குமேல் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ரிட்டயர்ட் இன்ஜினியர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். தன் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினார். "இதோட பக்கத்துல விரலை வைங்க. முப்பது வினாடி பேசக் கூடாது" என்றார்.

அந்த மாடியில் நான் முப்பது வினாடி பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை. பதினாலு பேரும் இலையை விட்டுவிட்டு என் கையைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். கடிகாரம் ஒரு தடவை அதிர்ந்தது. இன்ஜினியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் படிக்கிற மாதிரி, "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அறிகுறி. டாக்டரைப் பார்க்கவும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பின்வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள்:

"இந்தப் பரிசோதனை எல்லா டூர்லயும் உண்டா, இல்ல எங்களுக்கு மட்டும்தானா?"

ரொம்ப அழகா வந்திருக்கு

மறுநாள் லீவு போட்டுவிட்டு தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். கூட என் வீட்டுக்காரர் கணேசன். திரிங்காப்பிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். மனுஷர் மலைவளைவில் பிரேக் பிடிக்காவிட்டாலும் பதற மாட்டார், ஆஸ்பத்திரி வாசனை பட்டால் வெளுத்துவிடுவார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். நர்ஸ் மிஸி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு டாக்டர் வந்து பார்த்தார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அப்புறம் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் மூன்று பேர் வந்து என்னிடம் "மன்னிக்கணும் ஆன்ட்டி" என்று அனுமதி கேட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "ரொம்ப அழகா வந்திருக்கு, புத்தகத்துல இருக்கற மாதிரியே" என்று ஒரு பெண் ஆசையாகச் சொன்னாள், மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது.

பெருமை ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. டாக்டரம்மா உட்காரவைத்து விளக்கினார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. ரத்தம் அங்கே தேங்கினால் கட்டி உண்டாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழலாம், பேச்சு போகலாம். கை காலைச் சொன்னபோது தலையாட்டினேன். பேச்சு என்றதும் தலையாட்டுவதை நிறுத்திவிட்டேன். பேசாத வழிகாட்டியை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். கணேசன் அதுவரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகத் திரும்பிக் கேட்டார்:

"எல்லாரும் அழகா வந்திருக்குன்னாங்களே டாக்டர், அப்ப வீட்டுக்குப் போலாந்தானே?"

ஃபிட்டரின் ஆலோசனை

எங்கள் ஃபேக்டரியில் முனியாண்டி என்று ஒரு ஃபிட்டர். வெள்ளைக்காரத் துரை காலத்து உருட்டு மெஷினை இன்னும் ஓடவைத்துக்கொண்டிருக்கிற மனுஷன். மேற்கொண்டு என்ன சிகிச்சை உண்டு என்று டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன். வேகத்தை மட்டும் மாத்திரையால் அடக்கி வைக்கலாம். இல்லையென்றால் மயக்கம் கொடுத்து, மின்சாரத்தால் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டித் தாளத்தைத் திருப்பலாம். அதுவும் சரிவராவிட்டால் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை இதயம் வரைக்கும் விட்டு, கோளாறு பண்ணுகிற இடத்தைச் சுட்டு விடலாம்.

முனியாண்டி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். இந்த மூன்றையும் இந்த மெஷினுக்கு எப்போதோ பண்ணியாகிவிட்டது என்றான். ஸ்பீடைக் குறைத்ததும், சுத்தியலால் தட்டியதும், வேண்டாத ஒயரைப் பொசுக்கியதும் எந்தெந்த வருஷம் என்று வரிசையாகச் சொன்னான். டாக்டர் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது அவன் அபிப்பிராயம். கிளம்பினவன் நாலு எட்டு வைத்துவிட்டு நின்றான். முகத்தில் நிஜமான கவலை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கலாமா? நாங்க மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் கையை உள்ள விடுவோம், அவங்க ஓடுற மெஷினுக்குள்ளயா விடுறாங்க?"

கீரை வேண்டாத வீடு

எனக்கு முதலில் கொடுத்த ரத்த மாத்திரைக்குக் கீரை ஆகாது. கூடாது என்று இல்லை. ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். ஒரு நாள் நிறைய, ஒரு நாள் ஒன்றுமில்லை என்றால் மாத்திரை குழம்பிவிடும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இதை ஊருக்கெல்லாம் கீரை அனுப்புகிற மலையில் இருந்துகொண்டு கடைப்பிடிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட அத்தனை தோட்டக்காரர்களும் கீரையோடுதான் பார்க்க வந்தார்கள். காய்லான், பசலை, தண்ணிக்கீரை என்று சமையலறையில் கால்வைக்க இடமில்லை. வீணாக்க மனசு வராமல் சாப்பிட்டேன். ரத்தப் பரிசோதனை ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே.

கடைசியில் கணேசன் லோரியிலிருந்து தராசை இறக்கிவந்து, தினமும் ஒரே எடைக்குக் கீரையை நிறுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். மீதியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். திரிங்காப் ராமையா அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. முப்பது வருஷமாகக் கீரை போடுகிறவர். திருப்பி அனுப்பிய மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இத்தனை வருஷமா ரத்தத்துக்கு நல்லதுன்னு சொல்லித்தானே வித்தேன், இப்ப நல்லதா இருக்கறதுதான் தப்புங்கிறியா தங்கச்சி?"

அட்டை

மழை விட்ட ஒரு காலையில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு ஆபீஸ் கும்பலைத் தேயிலைச் சரிவுக்குக் கூட்டிப்போனேன். திரும்பி நடைபாதைக்கு வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு மீசைக்காரர் என் காலையே பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளைக் கான்வாஸ் ஷூ சிவப்பாகியிருந்தது. அட்டை கடித்துவிட்டுத் தன்பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டது. மற்றவர்களுக்கு என்றால் கொஞ்ச நேரத்தில் நின்றிருக்கும். எனக்கு மாத்திரை புண்ணியத்தில் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. "ஒன்றுமில்லை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மீசைக்காரர் வேரோடு சாய்ந்த மரம்போல விழுந்தார்.

இதயநோயாளி நான். விழுந்தவரோ ஜிம்முக்குப் போகிற உடம்பு. அவருடைய காலைத் தூக்கி என் தோளில் வைத்துக்கொண்டு ஒருத்தர் தண்ணீர் கொண்டுவா, ஒருத்தர் விசிறு என்று சத்தம்போட்டேன். இலை பறித்துக்கொண்டிருந்த செல்வி ஓடிவந்து என் காலில் துணியை வைத்து அழுத்தி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அழுத்தினாள். அவர் கண்விழித்தார், எனக்கும் ரத்தம் நின்றது. செல்வி சரிவின் புல் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்:

"பாவம்கா, அந்த அட்டை உங்க ரத்தத்தைக் குடிச்சிட்டுப் போயிருக்கு, இனிமே அதுவும் கீரையை நிறுத்துத்தான் சாப்பிடணும்."

வளைவு வைத்தியம்

மாத்திரை மட்டும் போதவில்லை. படி ஏறினால் கோழி சிறகடிப்பது தொடர்ந்தது. மின்சாரத் தட்டுக்கு ஈப்போவில் நாள் குறித்தார்கள். முந்தின நாளிலிருந்தே எனக்குப் பயம். வெறும் வயிற்றோடு கணேசனுடைய லோரியில் கம்போங் ராஜா வழியாக இறங்கினோம். பாதி மலையில் வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிரட்டியது. ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஒன்றுமில்லாத வயிற்றிலிருந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். உடம்பு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஈப்போவில் கட்டிலில் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்த டாக்டர், தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தாளம் ஒழுங்காக இருந்தது. வழியில் வாந்தி எடுத்ததைச் சொன்னேன், சில சமயம் அதிலேயே தாளம் தானாகத் திரும்பிவிடும் என்றார். தட்ட வேண்டியது ஒன்றுமில்லை, ரத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். வழியெல்லாம் கணேசன் விசில் அடித்துக்கொண்டு ஓட்டினார். மலை ஏறியதும் குளிர் காற்று முகத்தில் பட்டது. கம்போங் ராஜா கடைகள் தெரிந்தபோது கோழி மறுபடி ஒரு சிறகை அசைத்தது. இரண்டாவது சிறகும் அசைந்தது. நான் அவர் கையைத் தொட்டேன். அவர் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு, ரொம்ப நிதானமாகக் கேட்டார்:

"இப்படியே திருப்பி இன்னொரு தடவை இறக்கவா?"

ஓட்டெடுப்பு

வருவதும் போவதுமாக இருக்கிற தாளத்துக்கு, ஒயர் விட்டுச் சுடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று அடுத்த தடவை ஈப்போ டாக்டர் சொன்னார். சரியாகலாம், திரும்ப வரலாம், இரண்டாம் தடவை செய்யவும் நேரலாம். ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. மாத்திரையோடு காலம் தள்ளுவதும் ஒரு வழிதான். "எது நல்லது டாக்டர்?" என்றேன். "உங்களுக்கு எது அதிகத் தொந்தரவுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். பதில் கேட்கப்போய், கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். குளிக்கும்போது ஒயர் சரி என்று தோன்றும், துவட்டும்போது மாத்திரை போதும் என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருபத்தொரு பேர் வந்தார்கள். பாதிப் படியில் நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். முடிவெடுக்காத ஒரு ஆளை ஆசிரியர்களால் சும்மா விட முடியாது. பழைய தலைமையாசிரியை ஒருவர் எல்லோரையும் படிகளில் வரிசையாக உட்காரவைத்தார். இரண்டு தரப்புக்கும் தலா ஒருவரைப் பேசவிட்டார். அப்புறம் கை தூக்கச் சொன்னார். ஒயருக்குப் பதினொன்று, மாத்திரைக்கு ஒன்பது. கூட்டிப் பார்த்தார், இருபதுதான் வந்தது. கடைசிப் படியில் ஒல்லியாக ஒருவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், நீங்க ஏன் தூக்கலை?" என்று அதட்டினார் தலைமையாசிரியை. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார்.

"எனக்கும் இதே வியாதிதான் டீச்சர், மூணு வருஷமா என்னாலயே எனக்கு ஓட்டுப் போட முடியல."

படி வழுக்கும்

அந்த ஒல்லி ஆசிரியர் பஸ் ஏறுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இடதுகையால் வலதுகை நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் கழித்து நானும் யாரோ ஒருவருடைய படியில் டப்பாவை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. பயம் போகவில்லை. பயத்தோடேயே போய் ஒயர் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தேன்.

முறை வர சில மாதம் ஆனது. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தூக்கம்வர ஊசி போட்டார்கள், முழு மயக்கம் இல்லை. மேலே வட்ட விளக்கு, பக்கத்தில் டாக்டருடைய பச்சைத் தொப்பி, அவ்வளவுதான் ஞாபகம். கண்விழித்தபோது கணேசன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பேசு, ஏதாவது பேசு" என்றார். "பசிக்குது" என்றேன். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அறுவை அறையில் கூட இருந்த மிஸி, தைப்பிங் பக்கத்துத் தமிழ்ப் பெண், சாயங்காலம் என்னைப் பார்க்கவே வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்த நேரத்தில் பாதி நேரம் நான் பேசிக்கொண்டே இருந்தேனாம். எல்லோரையும் வரவேற்று, இலை வாடுவதிலிருந்து வரிசையாக விளக்கம் கொடுத்தேனாம்.

"டாக்டர் ஒயரை உள்ள நகர்த்தறப்ப, 'படி வழுக்கும், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க'ன்னீங்க ஆன்ட்டி, அவரும் 'சரி'ன்னுட்டு மெதுவாத்தான் போனாரு."

இப்போது ஏழு மாதமாகத் தாளம் தப்பவில்லை. இனித் தப்பாது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. கீரைத் தொல்லை இல்லாத வேறு மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள், அதை நிறுத்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். மொத்தத்தில், ஒழுங்காக அடிக்கிற நெஞ்சை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அப்படித் திரும்பிப் பார்க்கப்படாமல் இருப்பதற்காகத்தான் நான் காலையும் மாலையும் மறக்காமல் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.