ஒரே பாதை, இரண்டு கட்சி, நடுவில் நான்

காட்டைக் காக்கும் வேலை என்றால் பாம்பு, பன்றி என்று பயப்படுவீர்கள். அவையெல்லாம் நம்மைப் பார்த்ததும் ஒதுங்கிவிடும், ஒதுங்காதது ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மனிதர்கள்தான்.

மலாக்காவில் பாதுகாக்கப்பட்ட காடு ஒன்று. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் வேலை. உள்ளே ஒரே பாதை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் ஒருவரையொருவர் இடிக்காமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். மோதல் என்று இன்னொரு புகார் வந்தால் பாதையை எல்லாருக்கும் மூடிவிடுவதாக அதிகாரி சொல்லிவிட்டார். மூடினால் என் வேலையும் போகும். பொதுமக்களுக்குச் சேவை செய்து வயிறெரிந்த புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

மாநாடு

புக்கிட் காத்திலிலிருந்து செல்வி ஆண்ட்டி தன் கூட்டாளிகளோடு தினமும் வருவார். பாதையின் அகலம் எவ்வளவோ அவ்வளவுக்கும் பரவி, கைகோக்காத குறையாக நடப்பார்கள். நேற்றைய சீரியலில் மருமகள் செய்த அட்டூழியம் முடிவதற்குள் பின்னால் நாலைந்து சைக்கிள் சேர்ந்துவிடும். "ஒருத்தர் பின்னால ஒருத்தரா இடது பக்கமா நடங்க ஆண்ட்டி" என்று பணிவாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வரிசையா நடந்தா கடைசியில வர்றவளுக்குக் கதை எப்படிம்மா கேக்கும்?"

மணியோசை

சைக்கிளுக்கெல்லாம் மணி கட்டாயம் என்று அறிவிப்புப் பலகை வைத்தோம். பிரமாதமான யோசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளைவில் பழைய தோட்டத்து முனியாண்டி கோயில் இருப்பதை மறந்துபோனேன்.

மறுநாள் தர்ஷன் வந்தான். சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலை இன்ஜினியர். தலையிலிருந்து கால்வரை பளபளவென்று இருப்பான். வளைவில் ஒழுங்காக மணி அடித்தான். ஆண்ட்டிகள் விலகவில்லை. நடுப்பாதையில் அப்படியே நின்று, கண்ணை மூடி, கைகூப்பிவிட்டார்கள். அவன் இன்னும் பலமாக அடித்தான். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் தர்ஷன் பள்ளத்தில் இறங்கினான், சைக்கிளோடு. நல்லவேளை, புகார் எழுத வெட்கப்பட்டான். செல்வி ஆண்ட்டிதான் விளக்கம் சொன்னார்.

"பூசை மணின்னு நெனச்சோம்மா, தம்பி 'ஐயோ'ன்னதும்தான் சந்தேகம் வந்துச்சு."

இறங்கித் தள்ளவும்

சிறு பாலத்தருகே இறங்கித் தள்ளும்படி எழுதியிருக்கிறது, மூன்று மொழியில். தர்ஷன் மூன்றையும் படிக்கத் தெரிந்தவன். எதையும் மதிக்காமல் பறந்தான். மறித்து நிறுத்தி, ஆள் நடக்கிற இடம் என்றேன். கைபேசியைக் காட்டிக் கெஞ்சினான்.

"இறங்குனா ஆப்ல என் ஸ்பீட் விழுந்துடும் லா அக்கா, ஆள்தானே, அவங்க எழுந்து நடந்துக்குவாங்க!"

கடைசிப் புகார்

மணியம் அங்கிள் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயாளி. தினமும் நடக்காவிட்டால் காலுக்கு ஆபத்து என்று டாக்டர் மிரட்டியிருக்கிறார். அவர் வீட்டுப் பக்கம் லாரிகள் சீறும் பெரிய சாலைதான். அதனால் இந்தப் பாதையை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

ஒரு காலையில் அவர் எதிரே தர்ஷன் வேகமாக வருவதைப் பார்த்தேன். "பாத்து!" என்று அலறினேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே மோதினார்கள்.

சேற்றிலிருந்து எழுந்ததும் இருவர் கையிலும் கைபேசி. இருவரும் புகார் எழுதத் தயாராகிவிட்டார்கள். "எழுதினா பாதையை மூடிடுவாங்க. அங்கிள், நீங்க லாரிக்கு நடுவுலதான் நடக்கணும். தம்பி, நீயும் அங்கதான் ஓட்டணும்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தர்ஷன் அங்கிளின் முழங்காலைத் தன் பாட்டில் தண்ணீரால் கழுவிவிட்டான். அங்கிள் அவன் சைக்கிளை நிமிர்த்தினார். இத்தனை நாள் நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத ஒற்றுமை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் அங்கிள் சொன்னார்: "அதுக்காக சும்மா விட முடியுமா? இந்தப் பொண்ணு கத்துனதாலதானே விழுந்தோம், எழுதுப்பா!"

தர்ஷன் மலாயில் எழுதினான். அங்கிள் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தார். செல்வி ஆண்ட்டி கூட்டமும் வந்து, நான் நடக்கிறவர்களைத் தொந்தரவு செய்வதாக இரண்டு வரி சேர்த்தது. அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். வேலை போனது என்றே நினைத்துப் போய் நின்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாகுஸ் லா, பிரமாதம் கலா! நல்ல சேதி, பாதை மேல ஒரு புகாரும் இல்ல, எல்லாம் உன் மேலதான்!"

ஆக, சக்கரமும் காலும் ஒரே பாதையில் ஒற்றுமையாகப் போக அகலமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம், இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஒருத்தி இருந்தால் போதும்.