தாளம் தடுக்கிய இடம்

லொரென்சா மேப்ரிக்கு மர்ட்டிஸ் கோல்பர்ட்டைக் கண்டால் ஆகாது. வாஷிங்டனின் கிழக்கு ஓரம், டீன்வுட் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இருவரும் போவது ஒரே தேவாலயம், உட்காருவது ஒரே பெஞ்சு. தள்ளி உட்கார்ந்தால் அடுத்தவள் என்ன தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எப்படிப் பார்ப்பது?

எல்லாம் கோ-கோ என்ற கொட்டிசை ஊரை ஆட்டிவைத்த காலத்தில் ஆரம்பித்தது. பகலெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்த லொரென்சா, வாரக் கடைசியில் கோ-கோ ஆட்டக் கூடங்களுக்குக் கேமராவோடு போனாள். ஒரு பெரிய படுக்கை விரிப்பில் நீளமான காரும் ஷாம்பேன் கோப்பைகளும் அவளே தீட்டி, மேடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, முன்னால் ஒரு பிரம்பு நாற்காலி போடுவாள். புது ஷூ, புதுக் கம்மல், புதுக் காதல், எது கிடைத்தாலும் சனங்கள் அவள்முன் வந்து நின்றார்கள். அழுத்தினால் படம் உடனே வெளியே வரும் போலராய்ட் கேமரா அது. ஒரே படம்தான், நெகட்டிவும் இல்லை, பிரதியும் இல்லை. வந்த படத்தைக் காயவிட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுவாள். பின்பக்கம் தன் பெயரை எழுத வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை. என்னைத் தெரியாதவன் இந்த ஊரில் எவன் இருக்கிறான் என்ற திமிர்தான்.

மர்ட்டிஸ் அதே கூடத்தின் பின்மூலையில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகை அருகே இருட்டில் உட்கார்ந்திருப்பாள். ஆட்டம் முழுவதையும் ஒலிநாடாவில் பிடித்து, மறுநாள் பிரதி போட்டு விற்பாள். மூல நாடாவை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டாள். புறநகரான லாண்டோவரில் அவள் வீடு வாங்கியது அந்தக் காசில்தான் என்பது லொரென்சாவின் கட்சி. முப்பது வருடம் தபால் நிலையத்தில் மர்ட்டிஸ் நின்ற நிற்பை அவள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பல வருடம் கழித்துப் பேராசிரியர் இமோஜீன் டாலிவர் வந்து சேர்ந்தாள். நகரத்திலும் சுற்றியுள்ள புறநகர்களிலும் கறுப்பு மக்கள் வாழ்ந்த வாழ்க்கையை ஆய்வாகவும் படமாகவும் இசையாகவும் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். அவள் முதலில் தட்டியது லொரென்சாவின் கதவைத்தான்.

"படங்க இருக்குமா, மிஸ் லொரென்சா?"

"ஒண்ணுகூட இல்லயே, கண்ணு."

அன்று சாயங்காலமே தெரிந்தவர்கள் எல்லோரையும் தொலைபேசியில் பிடித்தாள். ஒருவர் படம் அவரோடு சவப்பெட்டிக்குள் போய்விட்டது. இன்னொன்றை முன்னாள் மனைவி கிழித்துவிட்டாள். கைக்கு வந்த ஒரே படமும் வெளுத்துப்போய், அதில் இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

மர்ட்டிஸிடம் அலமாரி அலமாரியாக நாடாக்கள் இருந்தன. 'மர்ட்டிஸ் கோல்பர்ட் ஒலித்தொகுப்பு' என்று கண்காட்சியில் ஒரு சுவர் நிறைய எழுதப்போகிறார்கள் என்று போதகர் பிரசங்க மேடையிலிருந்தே அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். லொரென்சாவும் தட்டினாள். உள்ளங்கை சிவந்தது, வயிறு பற்றி எரிந்தது. ஆண்டவரே, அவளுக்கு ஏன், எனக்கு ஏன் இல்லை என்று கண்ணை மூடிக் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அதை ஜெபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பேராசிரியர் அவளை மர்ட்டிஸ் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நாடாவில் கேட்கும் பெயர்கள் யார் யாருடையவை என்று சொல்ல ஆள் வேண்டுமாம். குற்றம் கண்டுபிடிக்கலாம் என்ற ஒரே ஆசையில் லொரென்சா கிளம்பினாள். அந்த வீட்டுக் கூடத்துத் திரைச்சீலை அழகாக இருந்தது; அதற்கே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

கோ-கோவில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில்கூடக் கொட்டு நிற்காது. காங்கா மேளம் ஓடிக்கொண்டே இருக்கும். பாடகன் அந்தக் கொட்டுக்கு மேலாகவே குரலை உயர்த்தி, யார் வந்திருக்கிறார்கள், எந்தத் தெருக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பெயர் விழுந்தவன் ஒரு வாரத்துக்குத் தலைநிமிர்ந்து நடப்பான். நாடாவில் பாடகன் பிக் ராஸ்கோவின் குரல் பேட்டை பேட்டையாகக் கூப்பிட்டது: "ட்ரினிடாட்! கார்வர் டெரஸ்!" உடனே கொட்டு ஒரு அடி தடுக்கியது. அப்புறம், "கென்னடி தெரு!"

"நாடா கெட்டுப்போச்சோ?" என்றாள் பேராசிரியர்.

"பழசாச்சே, தேஞ்சிருக்கும்," என்று மர்ட்டிஸ் சட்டென்று எழுந்தாள். "மீன் கருகுது, பாத்துட்டு வரேன்."

இரண்டாவது நாடாவிலும் கார்வர் டெரஸ் முடிந்ததும் தடுக்கியது. மூன்றாவதிலும் அப்படியே. கார்வர் டெரஸுக்கு அடுத்து யார் என்று லொரென்சாவுக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஆட்டத்திலும் அதற்காகத்தானே காது தீட்டிக்கொண்டு நின்றாள்! "நம்ம கேமராக்காரி லொரென்சா!" என்பான் ராஸ்கோ. கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பும்.

நேரே சமையலறைக்குப் போனாள்.

"எம் பேரு எங்கடி?"

மர்ட்டிஸ் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"உன்னத்தான் கேக்குறேன். எங்க போச்சு?"

"நாந்தான் நிறுத்தினேன்! போதுமா?" கையில் முள்கரண்டியோடு மர்ட்டிஸ் திரும்பினாள். "ஆட்டத்துக்கு ஆட்டம் உன்னக் கூப்பிட்டான். அந்த ஒலிநாடாப் பெட்டியத் தூக்கிக்கிட்டு மாடியேறினவ நான். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எம் பேரு அவன் வாயில வந்துச்சா? நீ பல்லக் காட்டிக்கிட்டு கையாட்டுவ பாரு, மகாராணி கணக்கா! கார்வர் டெரஸ்னு சொன்னதும் பதிவ நிறுத்துற பொத்தான அமுக்கிருவேன். அம்புட்டுத்தான்."

"ஒவ்வொரு தடவயுமா?"

"ஒவ்வொரு தடவயுந்தான்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாக லொரென்சாவின் வயிறு குளிர்ந்தது. அத்தனை வருடம் இவள் அந்த இருட்டு மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து வெந்திருக்கிறாளா! யாராவது கேட்டிருந்தால், வாழ்நாளில் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்று சொல்லியிருப்பாள்.

அதற்குள் பேராசிரியர் வாசலில் வந்து நின்றாள். "கவலப்படாதீங்க மிஸ் மர்ட்டிஸ். எங்க ஒலிப்பதிவுக்காரர் அந்தத் தடுக்குற இடத்தயெல்லாம் தடம் தெரியாம ஒட்டிருவார். கொட்டு அப்படியே ஓடும்."

"ஒட்டக்கூடாது!" லொரென்சா போட்ட சத்தத்தில் பேராசிரியர் பின்வாங்கினாள். "கை வைக்கச் சொல்லாத. அது பழுதில்ல, கண்ணு. அது நான்."

நடந்ததை மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். "எங்கிட்ட படமில்ல, சரி. அந்த இடமாவது எனக்கிருக்கட்டும். இங்க லொரென்சா மேப்ரி பேரு வந்துச்சு, வெட்டிட்டாங்கன்னு சுவத்துல எழுது."

பேராசிரியர் மர்ட்டிஸைப் பார்த்தாள். அவள் மறுத்துவிட்டால் முடிந்தது, அங்கே லொரென்சாவின் பெயர்தான் இருந்தது என்று சாட்சி சொல்ல இன்று ராஸ்கோவும் உயிரோடு இல்லை. மர்ட்டிஸ் அடுப்பை அணைத்தாள்.

"எழுதிக்க," என்றாள். "வெட்டினது நாந்தான்னும் எழுதிக்க. ஆனா அவ பேரு எம் பேருக்குக் கீழதான் வரணும். எழுத்தும் சின்னதா இருக்கணும்."

"எம்புட்டு சின்னதா?" என்று லொரென்சா இடுப்பில் கை வைத்தாள்.