குழிக்குள் விட்ட காந்தம்

முதலமடையில் குப்பண்ணனின் மாந்தோப்பை முன்பு குத்தகைக்கு எடுத்தவன், "பூச்சிக்கு மட்டுந்தானுங்க, வேற ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் மருந்து அடித்தான். அந்த வாரமே இரண்டு கன்றுகள் நுரை தள்ளிச் செத்தன. அதிலிருந்து யாராவது "ஒண்ணும் ஆகாது" என்றால் குப்பண்ணன் நம்புவதே இல்லை.

போன வருஷம் தோப்போரத்து ஷெட்டைக் கல்பாத்திக்காரர் சுதீப்புக்கு வாடகைக்கு விட்டார். மாங்கொட்டை ஓட்டைக் கரியாக்கப் போவதாகத்தான் பேச்சு. வந்து இறங்கியதோ எரிவாயு சிலிண்டர்களும் குழாய் போன்ற ஓர் உலையும். கதவு எந்நேரமும் சாத்தியே இருந்தது. அங்கே வேலைக்கு வரும் அனுப்பிரியா முகமூடியைக் கழற்றுவதே இல்லை.

ஒருநாள் அவளை வழிமறித்தார்.

"ஏனம்மணி, உள்ள என்னதான் பண்றீங்க?"

அவள் கொழிஞ்சாம்பாறைக்காரி, வேதியியல் படித்தவள். "ஓட்டுத்தூளை இரும்பு உப்புத் தண்ணியில ஊறவெச்சு, காத்துப் படாம சுடறமுங்க மாமா. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் மேல கரி தோலாட்டம் மூடிக்கும். அதைப் பெயிண்டுல கலந்து பூசினா, ஒரு மிஷின்ல இருந்து வர்ற ரேடியோ அலை இன்னொரு மிஷினைக் கெடுக்காம உறிஞ்சிக்குமுங்க."

"அலையை உறிஞ்சறது மனுசனை என்ன பண்ணும்?"

அனுப்பிரியா முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டாள். குப்பண்ணனுக்குச் சந்தேகப்பட அதுவே போதுமாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஷெட்டின் பின்பக்கமே பார்வை. பொடியைக் கழுவிய தண்ணீர் அங்கே ஒரு குழியில் விழுந்தது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கிணறு இருபதடிக்குள். இரும்பு என்று அவள் சொன்னது நினைவிலிருந்தது. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைப் பெயர்த்து, கயிற்றில் கட்டிக் குழிக்குள் விட்டார். இழுத்தபோது கம்பளிப்பூச்சி போலக் கரிய முட்கள் அதில் சிலிர்த்து நின்றன.

அப்படியே கொண்டுபோய் சுதீப்பின் மேஜைமேல் வைத்தார்.

"பயப்படாதேங்கோ, இது ஒண்ணும் பண்ணாது" என்றார் சுதீப்.

"கன்னுக்குட்டியக் கொன்னவனும் இதேதான் சொன்னானுங்க."

சுதீப்பின் முகம் கடுத்தது. அனுப்பிரியா காந்தத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம பொடிதான் சார். கழுவறப்பத் தப்பிப் போயிருக்கு. ஒண்ணும் பண்ணாதுன்னு நமக்கே உறுதியாத் தெரியாது. இதைச் சரி பண்ணாம நான் கழுவ மாட்டனுங்க."

மூன்று வாரம் வேலை நின்றது. சிமெண்டுத் தொட்டி கட்டி, கழுவிய தண்ணீரைக் காந்தப் பட்டைகள் வழியாக வடித்து, திரும்பவும் அதையே கழுவப் பயன்படுத்தினார்கள். குழியை மூடினார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, கெடுதல் இல்லை என்ற அறிக்கையையும் சுதீப் நீட்டினார்.

"நீங்களே மோந்து நீங்களே கொண்டுபோன தண்ணிதானுங்க?" என்று குப்பண்ணன் அதை வாங்கவில்லை. தானே ஒரு பாட்டிலில் பிடித்து, பஸ் ஏறிக் கோயமுத்தூரில் சோதிக்கக் கொடுத்தார். வந்த காகிதத்தை மருந்துக்கடை ராமலட்சுமியிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அதிலும் கெடுதல் இல்லை. அப்புறம்தான் மாடுகளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க விட்டார்.

இப்போது வாடகை ஒப்பந்தம் மாதாமாதம்தான். சுதீப்போடு பேச்சில்லை. அனுப்பிரியாவிடம் மட்டும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்:

"நீ வேலைய உட்டுப் போறதா இருந்தா மொதல்ல எனக்குச் சொல்லிரு அம்மணி. அன்னிக்கே ஷெட்டைப் பூட்டிருவன்."